தடித்த ஃப்ளீஸ்: மல்லிக்கீரைக்குச் சரி, கேலுக்கு வீண்செலவு

லண்டனில் அலோட்மென்ட், அதாவது வாடகைத் தோட்டத்துண்டு, வைத்திருக்கும் நம்மாட்கள் ஒக்டோபர் வந்ததும் என்னிடம் கேட்பது, "ஃப்ளீஸ் வாங்கலாமோ, எது வாங்கிறது?" என்றுதான். கடைகளில் அதிகம் கிடைப்பது சதுர மீட்டருக்கு 17 கிராம் எடையுள்ள மெல்லிய வகை. அதைவிட விலை கூடின 30 கிராம் வகையும் உண்டு. ஹாரோவில் இருக்கும் எங்கள் தோட்டத்தில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில் போட்டுப் பார்த்திருக்கிறேன். இது அந்தத் தடித்த வகையைப் பற்றியது.

தெரியாதவர்களுக்குச் சொன்னால், இது நெய்த துணி இல்லை. குளிருக்குச் செடிகளை மூடுவதற்காக, பொலிபுரோப்பிலீன் என்கிற பிளாஸ்டிக் இழைகளைச் சூட்டில் ஒட்டிச் செய்த வெள்ளை விரிப்பு. மழைத்தண்ணீர் இதற்குள்ளால் இறங்கும். அதுதான் எனக்குப் பிடித்த முதல் விஷயம். குழாய் உறைந்து வெடிக்கக் கூடாதென்று எங்கள் இடத்தில் நவம்பரில் தண்ணீரைப் பூட்டிவிடுவார்கள். பொலித்தீன் போட்டிருந்தால் பீப்பாயிலிருந்து வாளி வாளியாகக் காவ வேண்டியதுதான்.

இது நன்றாக வேலை செய்வது மல்லிக்கீரைக்கு. வெயில் காலத்தில் மல்லியை நட்டுப் பாருங்கள், நாலு இலை விட்டதும் பூக்கப் பார்க்கும். செப்டம்பர் தொடக்கத்தில் விதைத்தால் அந்த அவசரமே இருக்காது. தரையோடு அடர்த்தியாகப் படர்ந்து நிற்கும். திறந்த பாத்தியில் நின்றவை டிசம்பரில் ஊதா ஏறித் தடித்துவிட்டன. விரிப்புக்குக் கீழே நின்றவை பச்சையாக, சம்பலுக்கு அரைக்கிற பதத்திலேயே இருந்தன. 2022 டிசம்பரில் லண்டனில் பனி கொட்டி, ஒரு கிழமைக்கு மேல் எல்லாம் உறைந்து கிடந்ததே, அப்போது மெல்லிய வகைக்குக் கீழே இருந்த மல்லியின் வெளி இலைகள் கருகின. தடித்ததற்குக் கீழே இருந்தவை தலை சாய்ந்து கிடந்துவிட்டுப் பிறகு நிமிர்ந்தன. வெந்தயக் கீரையை இரண்டுமே காப்பாற்றவில்லை, கறுத்துக் கூழாகிவிட்டது. வெந்தயத்தை ஒக்டோபருக்குள் பறித்து முடித்துவிடுவதுதான் புத்தி.

விற்கிறவர்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது. லண்டனில் ஒக்டோபர் கடைசியிலிருந்து பெப்ரவரி நடுப்பகுதி வரை பகல் பத்து மணித்தியாலத்துக்குக் குறைவு. டிசம்பர் 21 அன்று எட்டு மணித்தியாலம்கூட இல்லை. அந்த நேரத்தில் செடி வளர்வது ஏறக்குறைய நின்றுவிடும். ஃப்ளீஸ் வெளிச்சத்தைக் கூட்டாது. தடித்தது இன்னும் கொஞ்சம் மறைக்கும். அதற்குள் இருக்கிற கீரையை ஃபிரிட்ஜில் வைத்த கீரை என்று நினைத்துக்கொள்ளுங்கள்: பறிக்கலாம், வளராது. நவம்பரில் விதைத்துவிட்டு மேலே எவ்வளவு தடிப்பாகப் போட்டாலும் பொங்கலுக்குக் கீரை வராது.

கேல் என்கிற கோவா இனக் கீரைக்கும் லீக்ஸுக்கும் இதை வாங்கவே வேண்டாம். இரண்டும் பனியைத் தாங்கும், கேல் பனிபட்ட பிறகுதான் இனிக்கும்; வறைக்கு ஜனவரி கேல் மாதிரி வேறில்லை. கேலுக்கு எதிரி குளிரில்லை, புறா. ஒரு காலைக்குள் இலையைத் தின்று நரம்பை மட்டும் விட்டுப் போகும். அதுக்கு வலைதான் சரி. காற்றும் புகுந்து போகும், பல வருசம் உழைக்கும். உள்ளிக்கும் மூடவே கூடாது. ஒன்றிரண்டு மாதமாவது பத்து டிகிரிக்குக் கீழே குளிர் பட்டால்தான் கிழங்கு பல் பல்லாகப் பிரியும். நவம்பரில் போடுகிற அக்வாடுல்சே கிளாடியா என்கிற ப்ரோட் பீன்ஸ் வகையும் தன்பாட்டில் நிற்கும். காற்றுக்குச் சாயாமல் சுற்றிவரத் தடியும் கயிறும் கட்டினால் போதும்.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, கிழிவது. பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் முளைகளை அடித்த இடமெல்லாம் முதல் புயலிலேயே கிழிந்துவிட்டது. இப்போது முளை அடிப்பதில்லை. ஓரத்தைப் பழைய பலகையில் இரண்டு சுற்றுச் சுற்றி அப்படியே பாத்தியோரம் கிடத்திவிடுகிறேன். கிழிந்த ஃப்ளீஸ் நூல் நூலாக உதிர்ந்து மண்ணில் கலக்கிறது, அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அப்புறம், நனைந்தால் தொய்யும். தொய்ந்து இலையில் ஒட்டி, அப்படியே இரவில் உறைந்தால், ஒட்டின இடம் கண்ணாடி மாதிரியாகி அடுத்த நாள் அழுகிவிடும். செடிமேல் நேரே விரிக்கலாம் என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். நீலத் தண்ணீர்ப் பைப்பை வெட்டி, நிலத்தில் குத்தின மூங்கில் தடிகளில் இரண்டு முனையையும் செருகி வளைத்து, அதன் மேலே போடுங்கள். வளையம் போட்டாலும் நரி விடாது. இந்த ஊர் நரிக்கு வெள்ளை விரிப்பைக் கண்டால் மேலே ஏறிப் படுக்க வேண்டும். நடுவில் பள்ளமும் நாலு சேற்றுக் காலடியும் இருந்தால் வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். நத்தைகளும் உள்ளே சுகமாகக் குடியிருக்கும். வெயில் அடிக்கிற நாளில் ஒரு பக்கம் தூக்கிவிட்டு, இலைக்கடியில் பார்த்துப் பொறுக்குங்கள். காற்று நுழைந்தால் சாம்பல் பூஞ்சணமும் குறையும்.

ஏப்ரலில் கழற்றி, குளிர்ந்த தண்ணீரில் மெதுவான சுற்றில் மெஷினில் போட்டேன். மிச்சமிருந்த பகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை. மெஷின் வடிகட்டியில் அடைத்த மண்ணைப் பற்றி இவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. கவனமாக வைத்தால் இரண்டு மூன்று குளிர்காலம் வரும், மெல்லியது ஒன்றோடு சரி. அந்தக் கணக்கில் விலை கட்டுப்படியாகும்.

வாங்குவதென்றால் அகலத்தைப் பாருங்கள். 1.5 மீட்டர் அகலம்தான் மலிவு, அதைத்தான் எல்லோரும் தூக்குகிறார்கள். ஆனால் 1.2 மீட்டர் பாத்திக்கு அரைவட்டமாக வளையம் போட்டால், வளைவே கிட்டத்தட்ட 1.9 மீட்டர் வரும். பலகையில் சுற்றவும் கொஞ்சம் வேண்டும். இரண்டரை மீட்டருக்குக் குறைந்த அகலத்தில் எடுக்காதீர்கள்.