கார்தஹேனா ஆர்க்குவா மியூசியம்: காசை விட்டுட்டு மரத்தைப் பாருங்க

ரேட்டிங் முதல்லயே சொல்லிடறேன், அஞ்சுக்கு நாலரை. ஸ்பெயின்னாலே பார்சிலோனா, மாட்ரிட், அல்ஹம்ப்ரான்னு சுத்திட்டு வர்ற நம்மாளுங்க யாரும் எட்டிப் பாக்காத ஊர் கார்தஹேனா. தென்கிழக்கு மூலைல முர்சியா பக்கம் இருக்கு, வருஷத்துக்கு மொத்தமே 300 மில்லிமீட்டர் சுத்திதான் மழை, மலையெல்லாம் மொட்டையா செம்மண் கலர்ல காயுது, கீழ கடல் மட்டும் அவ்ளோ நீலம். அந்த ஊர் துறைமுகத்தை ஒட்டியே இருக்கற ஆர்க்குவா, அதாவது ஸ்பெயினோட தேசிய கடலடித் தொல்லியல் மியூசியம், அதுக்குத்தான் இந்த ரிவ்யூ. இப்ப இருக்கற கட்டடம் 2008ல திறந்தது, சாய்தளத்துல இறங்கிக் கீழ போகணும், வெயில்ல இருந்து உள்ள போனதும் கடலுக்குள்ள இறங்கற மாதிரியே இருக்கும், அந்த ஐடியா எனக்கு ரொம்பப் பிடிச்சுது.

இங்க வர்ற முக்கால்வாசிப் பேர் வர்றது பழைய வெள்ளிக்காசைப் பாக்கத்தான். மெர்செதெஸ்னு ஒரு ஸ்பானிஷ் போர்க்கப்பல், 1804 அக்டோபர்ல இங்கிலீஷ்காரங்க சுட்டதுல வெடிச்சு போர்ச்சுகல் பக்கம் மூழ்கிடுச்சு. 2007ல ஒடிஸின்னு ஒரு அமெரிக்கக் கம்பெனி அதுல இருந்து அஞ்சு லட்சத்துக்கு மேல நாணயத்தை அள்ளி ஃப்ளைட்ல ஃப்ளோரிடாவுக்குக் கொண்டு போயிடுச்சு. ஸ்பெயின் கேஸ் போட்டு, அமெரிக்க கோர்ட்ல ஜெயிச்சு, 2012ல ராணுவ விமானத்துல எல்லாத்தையும் திருப்பிக் கொண்டு வந்தாங்க. கதை சூப்பர், குவியலா வெள்ளி பளபளன்னு கிடக்கறதும் சூப்பர், பாக்காதீங்கன்னு நான் சொல்லல. ஆனா அள்ளுனவங்க அள்ளுன விதத்துல எது எங்க கிடந்துச்சு, எதோட சேந்து கிடந்துச்சுங்கற விவரம் பாதி போச்சு, அப்புறம் அதுல இருந்து என்னத்தத் தெரிஞ்சுக்கறது, எண்ணிப் பாத்துட்டு வர வேண்டியதுதான். அதோட அது மூழ்குன எடத்துக்கும் இந்தக் கடற்கரைக்கும் சம்பந்தமே இல்ல. அஞ்சு நிமிஷம் நின்னுட்டு நகந்துடுங்க.

நிக்க வேண்டியது மசர்ரோன் 1 முன்னாடி, பக்கத்துல மசர்ரோன்ங்கற ஊர்க் கடல்ல கிடைச்ச பழங்காலப் படகு. பாத்தா பழைய விறகுதான். என் பையன் நேராவே கேட்டுட்டான், "ப்பா, கப்பல்னு சொன்ன, இவ்ளோதானா?" அடிக்கட்டையும் கொஞ்சம் பலகையும்தான் மிச்சம், 1995ல கடல்ல இருந்து எடுத்தது. ஆனா கிட்டப் போய்க் குனிஞ்சு பலகையும் பலகையும் சேர்ற எடத்தைப் பாருங்க. ரெண்டு பலகையோட விளிம்புலயும் குழி வெட்டி, நடுவுல சின்ன ஆப்பு மாதிரி ஒரு துண்டைச் சொருகி, அது கழண்டு வராம மேல இருந்து முளை அடிச்சிருக்காங்க, பத்தாததுக்கு உள்பக்கம் நார்க்கயிறு போட்டுத் தச்சும் இருக்காங்க, அதுக்கு மேல தண்ணி புகாம இருக்க கீல், அதாவது தார் மாதிரி ஒண்ணு, பூசியிருக்காங்க. அடிக்கட்டை சைப்ரஸ், பலகை பைன், சொருகுற துண்டு ஆலிவ், உள்ள வளைவுக் கட்டைக்கு அத்தி மரம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு மரம்னு பாத்துப் பாத்து எடுத்திருக்காங்க. இதெல்லாம் கிமு 7ஆம் நூற்றாண்டு வாக்குல, ஃபினீசியக்காரங்க, அதாவது இப்ப லெபனான் இருக்கற பக்கத்துக் கடல் வியாபாரிங்க, இந்தப் பக்கம் வியாபாரத்துக்கு வந்து போன காலத்து வேலை. அவங்க தொழில்நுட்பத்தையும் உள்ளூர் ஆளுங்க பழக்கத்தையும் கலந்து கட்டுன படகுன்னு சொல்றாங்க, அந்தத் தையலைப் பாத்தா நமக்கே நம்பத் தோணுது.

இதோட அண்ணன் தம்பி மாதிரி இன்னொரு படகு இருக்கு, மசர்ரோன் 2. நான் அரை மார்க் குறைச்சதுக்குக் காரணம் அதை இப்ப பாக்க முடியாதுங்கறதுதான், மியூசியம் மேல தப்பு இல்ல, நாம போற நேரம் அப்படி. சுமார் 8 மீட்டர் நீளம், கிட்டத்தட்ட முழுசாவே கிடைச்சுது, கரைல இருந்து 60 மீட்டர் தூரத்துல, ஆள் நின்னா தலைக்கு மேல கொஞ்சம் தண்ணிங்கற ஆழத்துல, ஜனங்க குளிக்கற பீச்லயே கிடந்திருக்கு! உள்ள சரக்கு 2,820 கிலோ ஈய ஆக்சைடு, தட்டையான அடை அடையா. ஈயக் கல்லுல இருந்து வெள்ளி பிரிக்கறப்ப ஈயம் இப்படி ஆகி ஒதுங்கும், வெள்ளி மட்டும் தனியா நிக்கும், ஒதுங்குனதையும் விடாம எடுத்து மறுபடி உருக்கியிருக்காங்க. அப்ப ஏத்துமதி ஆனது வெள்ளி மட்டும் இல்ல, அது எடுத்த மிச்சமும்தான்.

இப்ப எனக்கு இந்த மியூசியத்துல ரொம்பப் பிடிச்ச விஷயம். ரெண்டாயிரத்து அறுநூறு வருஷம் பத்திரமா இருந்த படகு, 1990கள்ல ஏன் திடீர்னு கண்ணுல படணும்? பக்கத்துலயே படகுத்துறை கட்டுனாங்க, அதனால நீரோட்டம் மாறிடுச்சு, மணல் எடம் மாறிடுச்சு, மூடியிருந்த போர்வை விலகிடுச்சு. இந்தக் கடல்ல போசிடோனியான்னு ஒரு புல் இருக்கு, பாசி இல்ல, பூ பூக்கற நிஜப் புல்லு, மெடிட்டரேனியன்ல மட்டும்தான் வளரும், வேர்த்தண்டு வருஷத்துக்கு சில சென்டிமீட்டர்தான் நகரும். அது மணலைப் பிடிச்சு வச்சு அடுக்கடுக்கா மெத்தை மாதிரி ஏறும், அடில காத்துப் போகாது, மரத்தைத் தின்ற புழு உள்ள வராது. துறைமுகம் கட்டறவனும் நங்கூரம் போடறவனும் அதைக் கிழிச்சா உள்ள இருக்கறதெல்லாம் வெளிய வந்துடும். அதாவது சுற்றுச்சூழல் ஆளுங்களும் தொல்லியல் ஆளுங்களும் இங்க பாக்கறது ஒரே மணலைத்தான், தனித்தனி டிபார்ட்மென்ட்டா இருந்தா ரெண்டு பேருக்கும் நஷ்டம். பீச்ல இந்தப் புல்லோட காஞ்ச இலை குவியலா ஒதுங்குனா அசிங்கம்னு சில பேர் மூஞ்சியைச் சுளிக்கறாங்க, அந்தக் குவியல்தான் குளிர்காலத்துல அலை மணலை வாரிக்கிட்டுப் போகாம தடுக்குது, ஜேசிபி விட்டு அள்ளுனா அடுத்த வருஷம் பீச்சே மெலிஞ்சு போகும்.

மசர்ரோன் 2ஐ உடனே எடுக்கல. மேல ஒரு இரும்புப் பெட்டி மாதிரி கவசம் போட்டு அங்கயே மணலுக்குள்ள மூடி வச்சாங்க. நாளாக ஆக மணல் சுத்தி அரிச்சுப்போய் அந்தக் கவசமே படகுக்கு ஆபத்தாயிடும் போலருக்குன்னு பயம் வந்துடுச்சு. 2023ல வாலென்சியா யுனிவர்சிட்டி டைவருங்க இறங்கி, ஒவ்வொரு பலகை, ஒவ்வொரு விரிசலையும் வரைஞ்சு எடுத்தாங்க, 2024 இலையுதிர் காலத்துல துண்டு துண்டா மேல கொண்டு வந்து இங்க சேத்தாங்க. இப்ப லேப்ல ஊறிக்கிட்டு இருக்கு. ஏன் இவ்ளோ நாள்னா, தண்ணிக்குள்ள கிடந்த மரத்துல கட்டையா இருந்த பொருள் பாதி கரைஞ்சு போயிருக்கும், செல்லுக்குள்ள நிக்கறது வெறும் தண்ணிதான், அப்படியே காயவிட்டா அப்பளம் மாதிரி சுருண்டு உடைஞ்சுடும். அதனால முதல்ல நல்ல தண்ணில மாத்தி மாத்திப் போட்டு உப்பை எடுக்கணும், அப்புறம் பாலி எத்திலீன் கிளைக்கால்னு மெழுகு மாதிரி ஒண்ணை மெதுவா உள்ள ஏத்தணும், கடைசில உறைய வச்சு வெற்றிடத்துல ஈரத்தை உறிஞ்சணும். வருஷக்கணக்கு வேலை, அவசரப்படுத்த முடியாது. முழுப் படகையே ஷோகேஸ்ல பாக்கணும்னா இன்னும் சில வருஷம் கழிச்சுப் போங்க, இல்ல இப்ப ஒரு தடவை அப்ப ஒரு தடவைன்னு ரெண்டு தடவை போங்க, நான் போவேன்.

அடுத்தது தந்தம். பாஹோ தெ லா கம்பானான்னு மார் மெனோர் காயல் பக்கத்துல கடலுக்குள்ள ஒரு பாறை, அதுல மோதி ஒரு ஃபினீசியக் கப்பல் போயிருக்கு. 1950கள் கடைசிலயே அங்க பழைய உலோகம் எடுக்க வந்தவங்க கண்ணுல பட்டுச்சு, முறையான அகழாய்வு 2007ல இருந்து 2011 வரைக்கும் நடந்துச்சு. அம்பதுக்கு மேல யானைத் தந்தம், தகரக் கட்டி, செம்புக் கட்டி, ஈயக் கல், ஆம்பர்ங்கற கல்லா இறுகுன மரப்பிசின். தந்தம் சிலதுல ஃபினீசிய எழுத்துல பேர் கீறியிருக்கு, அவங்க சாமி பேர் சேத்த ஆள் பேருங்க. கண்ணாடிக்கு மூக்கு ஒட்டற அளவு கிட்டப் போனாத்தான் கீறல் தெரியும், உப்புத் தண்ணில கிடந்து தந்தம் பழுப்பேறி இருக்கு, ஆனா எழுத்து கையால இழுத்த வேகத்தோடயே இருக்கு. எனக்கு அந்தப் பெரிய காசுக் குவியலை விட இந்த ஒரு தந்தம் போதும்.

இனி டூர் பத்தி ஒரு எச்சரிக்கை. ஆன்லைன்ல "புதையல் கடற்கரை"ங்கற ரேஞ்சுல ஒரு பேக்கேஜ் புக் பண்ணோம், பேர் போடல. வேன்ல ஏத்துனாங்க, மியூசியத்துல நேரா காசு முன்னாடி கொண்டு போய் நிறுத்துனாங்க, கைடுக்குக் கடற்கொள்ளையர் கதை நல்லா வருது, மசர்ரோன்னு கேட்டா "அது வெறும் மரம் சார்"ங்கற மாதிரி தோளைக் குலுக்கிட்டாரு, அரை மணி நேரம் கூட ஆகல, அடுத்து ஐஸ்க்ரீம் கடைல அதை விட அதிக நேரம். மறுநாள் நான் தனியா போய்த்தான் ஒழுங்கா பாத்தேன். உங்களுக்கும் அதையே சொல்றேன், டூர் வேணாம், டிக்கெட் 3 யூரோதான், சனிக்கிழமை மதியத்துக்கு மேலயும் ஞாயித்துக்கிழமையும் அதுவும் ஃப்ரீ.

மியூசியம் முடிச்சுட்டு கார் இருந்தா கண்டிப்பா போர்ட்மான்ங்கற கடலோர ஊருக்குப் போங்க, கிழக்கால கொஞ்ச தூரம்தான். ரோமானியர் காலத்துல பெரிய துறைமுகம், இந்த மலைல அப்பவே வெள்ளி, ஈயம் தோண்டியிருக்காங்க, 40,000 பேர் வேலை செஞ்சாங்க, ரோமுக்கு தினம் 25,000 திராக்மா வருமானம்னு பழைய கிரேக்க வரலாற்று ஆசிரியர் போலிபியஸ் எழுதுனதா அவருக்கு அப்புறம் வந்த ஸ்ட்ராபோங்கற கிரேக்கப் புவியியலாளர் சொல்றாரு. அப்புறம் 1957ல இருந்து 1990 வரைக்கும், முக்கியமா பென்யார்ரோயாங்கற சுரங்கக் கம்பெனி, கழிவை அப்படியே குழாய் வழியா கடல்ல விட்டுச்சு, சுமார் 5.7 கோடி டன், விரிகுடாவே தூந்து போச்சு, கரை அரை கிலோமீட்டருக்கு மேல கடல் பக்கம் நகந்துடுச்சு. பழைய மீன்பிடித் துறை இப்ப தண்ணியே இல்லாத எடத்துல நிக்குது. மணல் கறுப்பு, கைல எடுத்தா கனமா மினுமினுங்குது, பையன் கிட்ட காந்தம் இருந்துச்சு, கிட்டக் கொண்டு போனதும் முள்ளு முள்ளா ஒட்டிக்கிச்சு. கையை நல்லாக் கழுவ வைங்க, ஈயம் இருக்கற மண்ணு. ஆர்க்குவால அந்த ஈய அடைகளைப் பத்தி படிச்சுட்டு இங்க வந்து நின்னாத்தான் அந்த வியாபாரத்தோட நீளம் புரியும், மியூசியத்தை மட்டும் பாத்துட்டுத் திரும்பறவங்களுக்கு அது கிடைக்காது.

மார் மெனோர் காயலும் பக்கம்தான். சுத்தி இருக்கற பாசன விவசாயத்துல இருந்து நைட்ரேட் இறங்கி 2016ல தண்ணி பச்சையா மாறி, 2019லயும் 2021லயும் மீன் செத்துக் கரை ஒதுங்கி, ஜனங்க ஆறு லட்சம் கையெழுத்துக்கு மேல வாங்கி, 2022ல அந்தக் காயலுக்கே சட்டப்படி ஒரு ஆளுக்கு இருக்கற மாதிரி உரிமை கொடுத்துட்டாங்க, ஐரோப்பாவுல இதுதான் முதல் தடவை. குளிக்கறதுக்கு முன்னாடி உள்ளூர்ல விசாரிச்சுக்கோங்க.

ஊருக்குள்ள ரோமானிய தியேட்டர் 1988ல கண்டுபிடிச்சது, நடந்தே போகலாம், நல்லாத்தான் இருக்கு, அதுக்கு ஏற்கனவே ஆயிரம் ரிவ்யூ இருக்கு. சாப்பாட்டுக்கு கால்தெரோ கேளுங்க, மீன் சாறுல வேக வச்ச சோறு, நம்ம நாக்குக்கு ஒத்துப்போகும், காரம் மட்டும் எதிர்பாக்காதீங்க. ஆசியாத்திகோன்னு ஒரு காபி தருவாங்க, கண்டென்ஸ்டு மில்க் போட்டது, பாக்க அழகா இருக்கும், உள்ள பிராந்தி இருக்கு, பசங்களுக்குக் கொடுத்துடாதீங்க.

ஜூலை ஆகஸ்ட் வேணவே வேணாம், போர்ட்மான்ல நிழல்னு ஒண்ணு கிடையாது. மியூசியம் திங்கக்கிழமை லீவு.