லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் கவர் அச்சிடுதல்: முகவரி ஏன் திரும்பி விழுகிறது?

கவரில் முகவரி அச்சிட லிப்ரே ஆபிஸ் ரைட்டர் நம்பகமான இலவசக் கருவி. இன்சர்ட் மெனுவில் என்வலப்பைத் திறந்தால் என்வலப் (முகவரி), ஃபார்மட் (அளவு), பிரிண்டர் என மூன்று தாவல்கள். 220 × 110 மி.மீ. டிஎல் கவர் பட்டியலிலேயே இருக்கிறது.

சிக்கல் மூன்றாவது தாவலில்தான். எழுத்து 90 டிகிரி திரும்பி விழுந்தால், பெரும்பாலும் திசை இரண்டு இடத்தில் மாற்றப்பட்டிருக்கும்: ரைட்டர் ஒருமுறை திருப்ப, டிரைவரில் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) உள்ள லேண்ட்ஸ்கேப் (கிடைமட்டம்) மறுபடி திருப்புகிறது. டிரைவரில் போர்ட்ரெய்ட் (செங்குத்து), தாள் அளவு டிஎல் என்று வைத்துவிட்டு, திருப்பும் வேலையை ரைட்டரிடமே விடுங்கள். பிரிண்டர் தாவலில் உள்ள ஆறு சின்னப் படங்களில், உங்கள் டிரேயில் கவர் நுழைகிற விதத்தைக் காட்டுவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். படங்களுக்குப் பக்கத்தில் விளக்கம் எதுவும் இல்லாதது உண்மையான குறை. புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

கவரை வீணாக்காதீர்கள். அதே அளவுக்கு வெட்டிய தாளில் பென்சிலால் அம்புக்குறி போட்டுச் சோதியுங்கள். முகவரி பின்பக்கத்தில் விழுந்தால் கவரை டிரேயில் பக்கம் திருப்பி வைத்து, அதற்கேற்ப 'பிரிண்ட் ஃப்ரம் டாப்' (அச்சுப் பக்கம் மேலே), 'பாட்டம்' (அச்சுப் பக்கம் கீழே) தேர்வை மாற்றுங்கள். தலைகீழாக வந்தால் கவரை டிரேயில் முனை மாற்றி வைத்தால் போதும். சில மில்லிமீட்டர் விலகலை ஷிஃப்ட் ரைட், ஷிஃப்ட் டவுன் எண்களால் சரிசெய்யலாம்.

அப்படியும் டிரைவர் முரண்டு பிடித்தால் பிடிஎஃப் ஆக்கி, அடோபி ரீடரில் ஆட்டோ போர்ட்ரெய்ட்/லேண்ட்ஸ்கேப், ஆக்சுவல் சைஸ் இரண்டையும் தேர்ந்தெடுத்து அச்சிடுங்கள்.