செடி எவ்வளவு சத்து எடுக்கிறது? ஈசி பேனாவும் நைட்ரேட் மீட்டரும்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

ஈசி பேனா கரைசலிலுள்ள மொத்த உப்பை அதன் மின்கடத்தும் திறனை வைத்துக் காட்டும்; நைட்ரேட் மீட்டர் நைட்ரேட்டை மட்டும் அளக்கும். மண்ணில்லாமல் சத்துக் கரைசலில் (ஹைட்ரோபோனிக்ஸ்) லெட்யூஸ் கீரை வளரும் 50 லிட்டர் டேங்கில் இந்த இரண்டு கருவிகளையும் தொடர்ந்து பயன்படுத்தினால் ஒன்று தெளிவாகிவிடும்: மீட்டர் காட்டும் எண்ணை மட்டும் நம்பக் கூடாது, தண்ணீர் அளவையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

50 லிட்டரில் நைட்ரேட் 600 பிபிஎம் (லிட்டருக்கு 600 மில்லிகிராம்) என்றால் மொத்தம் 30 கிராம். நான்கு நாள் கழித்து மீட்டர் 540 காட்டினால் பத்து சதவீதம்தான் குறைந்ததாகத் தோன்றும். ஆனால் தண்ணீர் 43 லிட்டருக்கு இறங்கியிருந்தால் மிச்சம் 23.2 கிராம்தான். செடி எடுத்தது 6.8 கிராம், அதாவது ஏறத்தாழ 23 சதவீதம். நைட்ரேட்டின் எடை அதிலுள்ள நைட்ரஜனைப் போல 4.43 மடங்கு என்பதால், அதை 4.43ஆல் வகுத்தால் நைட்ரஜன் சுமார் 1.5 கிராம். இதைவிட எளிய வழியும் உண்டு. உப்பு நீக்கிய ஆர்ஓ தண்ணீரை 50 லிட்டர் கோடு வரை ஊற்றி, அரை மணி நேரம் ஏர் பம்ப்பை ஓடவிட்டுக் கலக்கிய பிறகு அளந்தால் போதும்; தண்ணீர் அளவு மாறாததால் எண்களை நேரடியாக ஒப்பிடலாம். கோட்டைப் பார்க்கும்போது பம்ப்பை நிறுத்திவிடுங்கள். குமிழி வந்துகொண்டிருந்தால் மட்டம் பிடிபடாது.

ஈசி பேனா மலிவு, உழைக்கும். 1.413 mS/cm ஈசி உள்ள ஸ்டாண்டர்டு கரைசலில் மாதம் இருமுறை சரிபார்த்தால் போதும். ஆனால் எந்தச் சத்து குறைந்தது என்று அதற்குத் தெரியாது. நைட்ரேட், பாஸ்பரஸ், பொட்டாசியம் மூன்றையும் வேர் வேகமாக இழுத்துக்கொள்ளும். கால்சியம் மெதுவாகத்தான் போகும். போர் தண்ணீரை ஊற்றி ஈடுகட்டினால் சோடியமும் குளோரைடும் சேர்ந்துகொண்டே வரும். ஈசி 1.6லேயே நிற்கும், நைட்ரேட் பாதியாகியிருக்கும். ஈசியைப் பிபிஎம்மாக மாற்றிக் காட்டும் டிடிஎஸ் பேனா வாங்குபவர்கள், அது ஈசியை 500ஆல் பெருக்கும் ஸ்கேலா 700ஆல் பெருக்கும் ஸ்கேலா என்று கேட்டு வாங்குங்கள். ஒரே தண்ணீருக்கு இரண்டும் வெவ்வேறு எண் காட்டும்.

நைட்ரேட் மீட்டருக்குத்தான் பராமரிப்பு அதிகம். அளக்கப்போகும் அளவுக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று என நைட்ரேட் அளவு முன்பே தெரிந்த இரண்டு ஸ்டாண்டர்டு கரைசலில், அளக்கும் நாளன்றே கேலிப்ரேட் செய்ய வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஸ்டாண்டர்டை உடனே ஊற்றாதீர்கள். அதுவும் சாம்பிளும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். சென்சாரை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், தேய்த்தால் சவ்வு கெடும். ஒவ்வொரு சாம்பிளுக்கு முன்பும் அதே சாம்பிளில் ஒருமுறை அலசிக் கொட்டிவிட்டு, பிறகு அளங்கள். குளோரைடு அதிகமுள்ள தண்ணீரில் நைட்ரேட் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். உப்புத் தண்ணீர்ப் பகுதியில் இருப்பவர்கள் ஆர்ஓ இல்லாமல் இந்த மீட்டருக்குப் பணம் போட வேண்டாம்.

குறைந்ததெல்லாம் செடிக்குப் போய்ச் சேர்ந்தது என்றும் எண்ணிவிடக் கூடாது. பிஎச் 7ஐ நெருங்கினால் பாஸ்பேட் கால்சியத்தோடு சேர்ந்து அடியில் படியும். வேர் அழுகி வழவழப்பாகி, காற்றும் போதாவிட்டால், பாக்டீரியா நைட்ரேட்டை வாயுவாக்கிவிடும். அதே கரைசலைச் செடியில்லாத வாளியில் மூடி வைத்து, அதையும் பக்கத்திலேயே அளந்து வாருங்கள். அங்கேயும் எண் நகர்ந்தால் முதலில் மீட்டரைச் சந்தேகப்படுங்கள். வாளியில் அசைவில்லாமல், டேங்கில் மட்டும் நைட்ரேட் திடீரென்று சரிந்தால் வேரைத் தூக்கிப் பாருங்கள்.