குயி ஞோன் போகிறவர்கள் படிக்கவும்: எங்கள் 24 லட்சம் டாங் போன கதை

24 லட்சம் டாங். நம் பணத்தில் ஏறத்தாழ 8,000 ரூபாய். வியட்நாம் போய்வந்தவர்கள் அங்கே எல்லோரும் லட்சாதிபதிகள்தான் என்று சிரிப்பார்கள். எனக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. முதுகுப்பையோடு பஸ் மாறி பஸ் ஏறி ஊர் சுற்றுகிறவனுக்கு அது சில நாள் சோறும் படுக்கையும். குயி ஞோன் என்ற வியட்நாமியக் கடற்கரை ஊருக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது என்று விரிவாக எழுதுவதாக நண்பர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்கு முன் இதைக் கொட்டித் தீர்க்காவிட்டால் என்னால் வேறு எதையும் எழுத முடியாது.

நாங்கள் கிளம்பிய ஹோய் ஆனில் ரயில் நிலையம் கிடையாது. தெற்கே போக வேண்டுமென்றால் முதலில் 30 கிலோமீட்டர் வடக்கே டா நாங் போய் ரயில் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் இரவுப் படுக்கை பஸ். அந்த டிக்கெட் விற்கும் கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. சலவை, பைக் வாடகை, படகுச் சவாரி, பஸ் டிக்கெட் எல்லாம் ஒரே மேசையில் நடக்கும். அப்படி ஒரு கடைக்குத்தான் நானும் என் மைத்துனனும் போனோம். பெயர் சொல்லவில்லை. அதைப் போலவே பெயர் வைத்த கடைகள் நான்கைந்து அதே தெருவில் உள்ளன, அவர்கள் தலையில் பழி விழ வேண்டாம்.

கடையில் ஓர் இளம்பெண். சில்லென்று தேநீர் கொடுத்தாள். எந்த ஊர், எந்த மொழி என்று சைகையில் கேட்டாள். கைபேசியில் எதையோ தேடி, அதனிடம் வியட்நாமிய மொழியில் பேசி, எங்கள் பக்கம் நீட்டினாள். கைபேசி சுத்தமான தமிழில் சொன்னது: "அண்ணா, மனம் அமைதியாக இருங்கள். நகரத்தின் நடுவில் இறங்கலாம்."

அங்கேதான் விழுந்தேன். இரண்டு வாரமாகக் கையையும் காலையும் ஆட்டிச் சோறு கேட்டுக்கொண்டிருந்தவனை ஒரு கைபேசி அண்ணா என்று கூப்பிட்டால் என்ன ஆவான்? அந்த ஊரில் நீ, நான் என்று பேசுவதில்லை. வயதைப் பார்த்து அண்ணன், அக்கா, தங்கை என்று உறவுமுறை சொல்லித்தான் பேசுகிறார்கள், கடைக்காரர்கள் உட்பட. பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அது எனக்கென்றே சொன்ன சொல்லாகப் பட்டது. போக ஆளுக்கு 6 லட்சம், திரும்ப 6 லட்சம், தேதி போடாத டிக்கெட், எப்போது வேண்டுமானாலும் ஏறலாம் என்றாள். இரண்டு பேருக்கு 24 லட்சம் டாங் எண்ணி வைத்தேன். பேரம்கூடப் பேசவில்லை. சிவப்பு முத்திரை குத்திய ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பஸ் நன்றாகத்தான் இருந்தது. செருப்பைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு ஏற வேண்டும். மூன்று வரிசை, இரண்டு அடுக்கு. ஆறடி ஆள் காலை நீட்ட முடியாது, ஆனாலும் தூங்கிவிட்டோம். பின்னிரவு 2 மணிக்கு நடத்துநர் என் காலைத் தட்டி "குயி ஞோன், குயி ஞோன்" என்றார். பைகள் கீழே வந்தன. பின்னாலேயே செருப்புப் பை வந்து விழுந்தது. பஸ் போய்விட்டது.

"அத்தான், கடல் எங்கே?" என்றான் மைத்துனன்.

கடல் இல்லை. கண்டெய்னர் லாரிகள், பூட்டிய கடைகள், ஒரு நாய். நாங்கள் நின்றது ஃபூ தாய் சந்திப்பு. தேசிய நெடுஞ்சாலை 1 குயி ஞோன் கடற்கரைக்குப் போவதே இல்லை. ஊருக்கு மேற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தள்ளி அது பாட்டுக்குத் தெற்கே போய்விடுகிறது. நா டிராங்குக்கும் அதற்கு அப்பாலும் போகிற பஸ்கள் இங்கே ஆளை உதிர்த்துவிட்டுப் போகும். ரசீதில் அது எழுதியே இருந்ததுதான் கொடுமை. "ஙா பா ஃபூ தாய்". ஙா பா என்றால் முச்சந்தி. பாடப்புத்தகத்தைத் தாண்டி நாம் எங்கும் சொல்லின் முதலில் பார்க்காத ஙகரத்தில் தொடங்குகிற வார்த்தை, எனக்கு எப்படித் தெரியும்? முச்சந்தியில் நிறுத்திவிட்டான் என்று திட்டுவோமே, இவர்கள் முத்திரை குத்தி, எழுத்தில் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கிறார்கள். அங்கிருந்து இரண்டு பைக்காரர்கள் எங்களை ஊருக்குள் கொண்டுவந்துவிட 3 லட்சம் டாங் வாங்கினார்கள். அது 24 லட்சத்தில் சேராது, தனி.

காலையில் டிக்கெட் விற்ற அந்தப் பெண்ணுக்குச் சாலோ என்ற செய்திச் செயலியில் எழுதினேன். உடனே தமிழில் பதில் வந்தது: "அண்ணா, பேருந்து தங்கையுடையது அல்ல." தங்கை என்பது அவள்தான். சரி தங்கையே, பணம் வாங்கியது யார் என்று கேட்டேன். "ஃபூ தாயும் குயி ஞோன்தான்." காகிதத்தில் உண்மைதான், நகர எல்லை அதுவரை நீண்டிருந்தது. எங்களிடம் சொன்னது நகரத்தின் நடு. மறுநாள் கேட்டேன்: "மேலாளர் வெளியே." அதற்கும் மறுநாள் கேட்டதற்குச் சிரிக்கும் பொம்மை ஒன்று வந்தது. பஸ் நிறுவனத்துக்கு விடுதிக்காரரை விட்டுப் பேசச் சொன்னேன். கடையைக் கேள் என்றார்கள்.

இன்று காலை திரும்பும் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு பஸ் நிலையம் போனேன். முகப்பில் இருந்த அம்மாள் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். எங்கள் பெயரில் பதிவானது போகிற பயணம் மட்டும், ஆளுக்கு 3 லட்சம். ஆக, பஸ்ஸுக்குப் போனது 6 லட்சம். நான் கொடுத்தது 24 லட்சம். வெளியே வந்து எழுதினேன். பதில் இல்லை. இப்போது என் செய்தியே போவதில்லை, தடுத்துவிட்டாள் தங்கை.

ஊர்மேல் எனக்குக் கோபம் இல்லை. விடியலில் கடற்கரையில் பரிசல் போன்ற வட்டப் படகுகள் கரையேறுகின்றன. மீன் வடை போட்ட நூடுல்ஸை 'பூன் சா கா' என்கிறார்கள், இரண்டு வேளை அதையே சாப்பிட்டேன். வீடுகளுக்கு நடுவே, முன்பு இந்தப் பகுதியை ஆண்ட சாம் மக்கள் கட்டிய இரட்டைச் செங்கல் கோபுரங்கள் நிற்கின்றன. மூலையில் கருடனைப் பார்த்ததும் கொஞ்சம் மனம் ஆறியது. அதையெல்லாம் எழுதத்தான் நினைத்திருந்தேன்.

இப்போதைக்கு இவ்வளவுதான். ரசீதில் 'பென் ஸே', அதாவது பஸ் நிலையம், என்று இருக்கிறதா பாருங்கள். 'ஙா பா' என்று இருந்தால் பணத்தை எடுக்காதீர்கள். இரு வழி டிக்கெட் வாங்கவே வாங்காதீர்கள். கைபேசி எந்த மொழியில் அண்ணா என்றாலும் நம்பாதீர்கள். முடிந்தால் டா நாங்கிலிருந்து ரயிலில் வாருங்கள். தியூ திரி நிலையத்தில் இறங்க வேண்டும், அதுவும் ஊரிலிருந்து 10 கிலோமீட்டர்தான், ஆனால் அதை முன்பே சொல்லிவிடுகிறார்கள்.

நாங்கள் திரும்ப அதே ரயிலுக்குத்தான் டிக்கெட் எடுத்திருக்கிறோம். அதற்கு ஆன பணம் தனிக் கணக்கு. மைத்துனன் டா நாங்கில் இறங்கி ஹோய் ஆனில் அந்தக் கடைக்கே போவோம் என்கிறான். ரசீது பத்திரமாக இருக்கிறது.