எண்பதுக்கு இருபது கேட்டால் எண்பதுக்கு இருபதே தருகிற காப்பிக்கடை

மயிலாடுதுறையில் மணிக்கூண்டுப் பக்கம் காலை பத்து மணிக்கு மேல் நடந்தால் இந்தக் கடைக்கு வழி கேட்க வேண்டாம், வறுக்கிற வாசனையே கொண்டுபோய் விட்டுவிடும். பெயரை எழுதவில்லை. "பேரு மட்டும் போட்டுடாதீங்கக்கா, ஞாயித்துக்கிழமைக் கூட்டத்தையே சமாளிக்க முடியல" என்று கடைக்காரத் தம்பி கேட்டுக்கொண்டார். ஊர்க்காரர்களுக்கு எந்தக் கடை என்று இதற்குள் தெரிந்திருக்கும்.

நான் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள். எதை எதோடு எத்தனை கிராம் சேர்க்கிறார்கள் என்று பார்க்காமல் எந்தக் கடையிலும் நிற்க முடியாது, அது தொழில் விட்டுப்போன வியாதி. காப்பித்தூள் வாங்குவதில் அந்த வியாதி ரொம்பவே உதவுகிறது. ஏனென்றால் நம் ஊரில் காப்பித்தூள் என்று விற்பதில் பெரும்பாலானவை இரண்டு பொருள்களின் கலவை: காப்பிக்கொட்டை, சிக்கரி என்கிற வேர். எண்பதுக்கு இருபது என்றால் நூறு கிராம் தூளில் காப்பி எண்பது, சிக்கரி இருபது. கலவை என்றால் விகிதம்தான் எல்லாம்.

முதலில் கடை. சின்ன இடம்தான். உள்ளே வறுக்கிற டிரம், வாசலில் அரைக்கிற மெஷின், நடுவில் தராசு. தராசின் எண்கள் நம் பக்கம் திரும்பியிருக்கின்றன, இதற்கே பாதி மார்க் கொடுக்கலாம். கொட்டை மூன்று வகை: பீபெரி, பிளான்டேஷன் ஏ, ரொபஸ்டா செர்ரி. பழத்துக்குள் இரண்டு கொட்டைக்குப் பதில் ஒன்றே ஒன்று உருண்டையாக விளைந்தால் அது பீபெரி. பிளான்டேஷன் என்பது பழத்தின் தோலை நீக்கி, கழுவிக் காயவைத்த அராபிகா ரகக் காப்பி. ரொபஸ்டா இன்னொரு ரகம், செர்ரி என்றால் பழத்தோடேயே காயவைத்தது. மூன்றையும் தனித்தனி டப்பாவில் வைத்து, கேட்கிற அளவில் எடுத்து நம் கண்முன்னே அரைக்கிறார்கள். சிக்கரி இன்னொரு டப்பாவில் தனியாக இருக்கிறது. "சிக்கரி எவ்ளோக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் கரண்டியையே எடுக்கிறார்.

இந்தக் கேள்விக்கு நம்மில் பல பேர் சொல்கிற பதில் "கால் கிலோவுக்கு 50 கிராம்". சொல்லிவிட்டு, எண்பதுக்கு இருபது வாங்கினோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். கால் கிலோ கொட்டையை அரைத்து அதன்மேல் 50 கிராம் சேர்த்தால் பொட்டலம் 300 கிராம், சிக்கரி 17 சதவீதம்கூட முழுசாக இல்லை. அந்த 50 கிராம் கால் கிலோவுக்கு உள்ளேயே அடங்கினால், அதாவது 200 காப்பி, 50 சிக்கரி என்றால்தான் எண்பதுக்கு இருபது. இரண்டுக்கும் ருசியில் வித்தியாசம் கொஞ்சம்தான், காசில் நிறைய. உள்ளடக்கிப் போட்டுவிட்டு முழுப் பொட்டலத்துக்கும் கொட்டை விலை வாங்கினால் நாம் சிக்கரியைக் காப்பி விலைக்கு வாங்குகிறோம். சிக்கரி விலை கொட்டை விலைக்குப் பக்கத்தில்கூட வராது. 2025 பிப்ரவரியில் உலகச் சந்தையில் அராபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டிய பிறகு இந்த இடைவெளியை நினைத்தாலே வயிறு எரிகிறது. இந்தக் கடை பில்லில் காப்பி ஒரு வரி, சிக்கரி ஒரு வரி, விலையும் தனித்தனி. "உள்ளயா, மேலயா?" என்று அவரே கேட்கிறார். இப்படிக் கேட்கிற கடையை நான் வேறு பார்த்ததில்லை.

அடைத்து விற்கிற பாக்கெட்டுக்கு வருவோம். காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, இரண்டும் எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். அச்சிடத்தான் செய்கிறார்கள். ஆவி பறக்கும் டம்ளர் படம் கட்டைவிரல் அளவு, கலவை விவரம் எறும்பு அளவு. மளிகைக்கடை அலமாரியில் 53:47 என்று போட்ட பாக்கெட் இருக்கும், பாருங்கள். 53 எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவே வேண்டாம், 51க்கு ரெண்டு மேலே.

சரி, பாதிக்குக் கொஞ்சம் மேலே காப்பி இருக்கிறதே என்று சமாதானப்படலாமா? முடியாது. 53:47 என்பது பாக்கெட்டுக்குள் இருக்கும் எடை. நாம் தூளைத் தின்பதில்லை, அதிலிருந்து வெந்நீரில் இறங்குவதைத்தான் குடிக்கிறோம். வறுத்த காப்பியில் நீரில் கரைகிற பொருள் 100 கிராமுக்கு 26 முதல் 35 கிராம் இருக்க வேண்டும் என்று உணவுத் தரக் கட்டுப்பாட்டு விதி சொல்கிறது. சிக்கரிக்கு அதுவே 55க்குக் குறையக்கூடாது. ஒரு தாள் எடுத்துக் கணக்குப் போட்டேன். காப்பிக்கு நடுவாக 30 என்றும் சிக்கரிக்குக் குறைந்தபட்ச 55 என்றும் வைத்துக்கொண்டால், 53:47 தூள் 100 கிராமில் காப்பியிலிருந்து கரையக்கூடியது சுமார் 16 கிராம், சிக்கரியிலிருந்து 26 கிராம். அதாவது டம்ளரில் இருப்பது பெரும்பாலும் சிக்கரிக் கஷாயம், அதில் கொஞ்சம் காப்பி. 65:35 தூளில் இரண்டும் கிட்டத்தட்ட சரிக்குச் சரி. 80:20க்குப் போனால்தான் காப்பி 24, சிக்கரி 11 என்று காப்பிக்கு மேல்கை கிடைக்கிறது. ஃபில்டரில் கரையக்கூடியது அத்தனையும் இறங்கிவிடாது, அது தெரியும். ஆனால் தண்ணீர் பட்டதும் முந்திக்கொண்டு கரைவது சிக்கரிதான் என்பதால், நிஜ டம்ளரில் நிலைமை இன்னும் ஒருபக்கமாகவே சாய்ந்திருக்கும்.

நம்பாதவர்கள் கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து அரை ஸ்பூன் தூளை மேலே தூவுங்கள். காப்பி கொஞ்ச நேரம் மிதக்கும். சிக்கரி உடனே பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு அடியில் போகும். நான் இந்தக் கடைத் தூளையும் ஒரு பாக்கெட் தூளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்து பார்த்தேன். பாக்கெட் தூள் டம்ளர் நொடியில் கலங்கிப்போனது. கடைத் தூளில் மேலே தொப்பி மாதிரி தூள் நிற்க, நாலைந்து கோடுகள் மட்டும் இறங்கின.

சிக்கரியே ஆகாது என்கிற கட்சி இல்லை நான். அதுவும் ஒரு செடியின் வேர்தான், குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது, வறுத்துத் தூளாக்குகிறார்கள். கஃபீன் கிடையாது. பால் சேர்த்துக் குடிக்கிற நம் காப்பிக்கு அது கொஞ்சம் வேண்டும். சிக்கரி இல்லாத தூளில் தண்ணீர் சல்லென்று இறங்கிவிடும், டிகாக்ஷன் நீர்த்திருக்கும், பால் ஊற்றியதும் ஆள் அடையாளம் தெரியாது. சிக்கரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது, நிறமும் கெட்டியும் வருகிறது. அளவு மிஞ்சினால் ஃபில்டர் ஓட்டையே அடைத்துக்கொண்டு, பேரன் ஸ்கூலுக்குப் போன பிறகும் மேல் டப்பாவில் தண்ணீர் நிற்கும். என் கை அளவு, கொட்டையில் பீபெரி பாதி, பிளான்டேஷன் பாதி, மொத்தத் தூளில் சிக்கரி 15 சதவீதம். காலைக் காப்பிக்கு இதைவிட வேறு வேண்டாம். மாமியார் இருந்தவரை முப்பது சதவீதத்துக்குக் குறைத்தால் "இது என்னடி, காப்பித்தண்ணியா?" என்பார். அவர் நாக்கு அவருக்கு.

கடைக்காரர் ஹோட்டல் கலவை என்று ஒன்றும் வைத்திருக்கிறார். ரொபஸ்டா, அதோடு நாற்பது சதவீதம் சிக்கரி. டீக்கடைகளுக்குப் போகிறது. கேட்டால் மறைக்காமல் சொல்கிறார். "தண்ணிப் பாலுக்கு இதுதாங்க்கா நிக்கும்." நெடுஞ்சாலையில் பித்தளை டபரா படம் போட்டு கும்பகோணம் டிகிரி காப்பி என்று எழுதிய கடைகளில் பல இடத்தில் நான் குடித்தது இந்த ருசிதான். டபரா மட்டும் பெரிசு, உள்ளே காப்பி நாலு வாய்.

குறைகள் இல்லாமல் இல்லை. அரைப்பது ஒரே பதம்தான், ஃபில்டருக்குத் தோதாக. வேறு பதம் கேட்டால் மெஷினைத் திருப்ப மாட்டேன் என்கிறார். பண்டிகை வாரத்தில் வறுவல் ஒரு சுற்று அதிகமாகக் கறுத்துவிடுகிறது. தீபாவளிக்கு முன்னால் வாங்கியதில் கருகல் கசப்பு இருந்தது, சொன்னதற்கு "கூட்டம்க்கா" என்றார், அவ்வளவுதான். கட்டித் தருகிற பிளாஸ்டிக் கவரில் வாசனை நிற்காது, எவர்சில்வர் டப்பா கொண்டுபோவது உத்தமம். உட்கார இடம் கிடையாது, முழங்கால் வலிக்காரர்கள் பெஞ்சு தேட வேண்டாம்.

போகிறவர்கள் கொட்டையை முதலில் எடை போடச் சொல்லுங்கள், சிக்கரியைப் பிறகு. எண்பதுக்கு இருபது வேண்டுமென்றால் "200க்கு 50" என்று கிராமிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு ஒரு தடவைக்கு 100 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள், அவர் முகம் சுளிக்காமல் 100 கிராமும் அரைத்துத் தருகிறார். செவ்வாய்க்கிழமை விடுமுறை. மதியம் போனால் காலையில் அரைத்து வைத்ததைக் கட்டித் தருவார்கள், சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.