சுண்ணாம்பு என்று சொல்லி சிமெண்ட் பூசிவிட்டார்கள்

பாரம்பரியக் கட்டடம் என்று பட்டியலிட்டுப் பாதுகாக்கப்படும் பழைய வீட்டைச் சீர்செய்து குடியேற நினைப்பவர்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் வீடு செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டியது. "பழைய முறைப்படியே சுண்ணாம்புப் பூச்சுதான் சார்" என்றார் ஒப்பந்தக்காரர். தான் முடித்த வீடுகளின் படங்களையும் காட்டினார். அதில் ஒன்றையாவது நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை, நம்பிவிட்டோம்.

பூச்சு சில நாளிலேயே கல் மாதிரி இறுகியது. அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வெறும் சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்லத்தான் இறுகும். வாரக்கணக்கு, மாதக்கணக்குகூட ஆகும்.

முதல் மழைக்காலம் முடிந்ததும் முழங்கால் உயரத்துக்குச் சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்தது. தட்டினால் பொள்ளல் சத்தம். ஓரிடத்தில் பெயர்த்துப் பார்த்தோம். சாம்பல் நிறச் சிமெண்ட். அதற்குப் பின்னால் ஈரத்தில் ஊறிப் பொடியாக உதிரும் செங்கல். பழைய சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. சுவருக்குள் செருகியிருந்த உத்தரத்தின் முனையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன், பிடி வரைக்கும் இறங்கியது.

கேட்டதற்கு, "வலுவுக்காகக் கொஞ்சம் கலந்தோம்" என்றார். பழைய முறை போதாது என்று தெரிந்த இடத்தில்தான், அதுவும் பலன் நிரூபணமான நவீன முறையைத்தான் பயன்படுத்தலாம் என்று பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச வழிகாட்டியான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனமே சொல்கிறது. எங்கள் சுவருக்குப் பழைய முறையே போதுமாக இருந்தது.

அப்புறம், இப்படிப்பட்ட வீட்டில் மாற்றம் செய்வதற்கான அனுமதி. "வாங்கியாச்சு" என்று அவர் காட்டிய தாள் விண்ணப்பம் கொடுத்ததற்கான ரசீது மட்டும்தான். அதை வைத்துக்கொண்டே முன்பக்கத்து மர ஜன்னல்களைக் கழற்றி அலுமினியம் மாட்டிவிட்டார். நோட்டீஸ் அவருக்கு வரவில்லை, உரிமையாளரான எனக்கு வந்தது. பழைய ஜன்னல்களை விற்றுவிட்டாராம். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

இப்போது வேறு ஆட்கள் உளி வைத்துச் சிமெண்டைக் கொத்தி எடுக்கிறார்கள். எவ்வளவு பதமாகக் கொத்தினாலும் செங்கலின் முகமும் சேர்ந்தே பெயர்ந்து வருகிறது.

எந்தச் சுண்ணாம்பு, என்ன விகிதம், சிமெண்ட் அறவே கூடாது என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். முதலில் சின்ன இடத்தில் மாதிரிப் பூச்சுப் போடச் சொல்லிப் பாருங்கள். அனுமதி ஆணையை நீங்களே அலுவலகத்துக்குப் போய்ச் சரிபாருங்கள். கழற்றுகிற கதவோ ஜன்னலோ, உங்களைக் கேட்காமல் வாசலைத் தாண்டக் கூடாது என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.