எக்செல் ஹிஸ்டோகிராம்: தானாக வரும் வடிவத்தை அப்படியே நம்பலாமா?

எண்களைப் பிரிவுகளாக வகுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை விழுகின்றன என்பதைப் பட்டை உயரமாகக் காட்டும் படம் ஹிஸ்டோகிராம். எக்செல் 2016 முதல் அது தனி வரைபட வகையாகவே கிடைக்கிறது. அதற்கு முன் டேட்டா அனாலிசிஸ் டூல்பேக் என்ற துணைக்கருவியை ஏற்றி, விரும்பிய பிரிவு எல்லைகள் வேண்டுமென்றால் கையால் அடித்து, பட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் பூஜ்யமாக்க வேண்டியிருந்தது. இப்போது எண்கள் உள்ள நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, இன்சர்ட் பகுதியில் சொடுக்கினால் போதும். வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. படத்தைப் பார்த்துத் தரவின் வடிவத்தைச் சொல்ல வேண்டியவர்களுக்குத்தான் சிக்கல்.

பட்டையின் அகலத்தை எக்செல் ஸ்காட் விதிப்படி தானே முடிவு செய்கிறது. திட்டவிலக்கத்தை (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவை) 3.49ஆல் பெருக்கி, எண்ணிக்கையின் கனமூலத்தால் வகுத்தால் அந்த அகலம் வரும். நடுவில் உயர்ந்து இருபுறமும் சமமாகச் சரியும் மணி வடிவத் தரவை மனத்தில் வைத்து 1979இல் உருவான விதி இது. மணி வடிவமா இல்லையா என்று கண்டுபிடிக்கத்தான் படமே வரைகிறோம். கருவியோ மணி வடிவம்தான் என்று எடுத்துக்கொண்டு கோடு கிழிக்கிறது!

சோதிக்க நல்ல தரவு, ‘ஆர்’ (R) என்ற புள்ளியியல் மென்பொருளோடு வரும் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்றின் பட்டியல். 272 பீறிடல்கள், ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் நீடித்தது என்ற கணக்கு. திட்டவிலக்கம் 1.14. விதிப்படி அகலம் சுமார் 0.61, ஆக ஆறு பட்டைகள். 2 நிமிடத்தின் அருகே ஒரு முகடு, 4.5 அருகே இன்னொன்று, நடுவில் பள்ளம். இரட்டை முகடு அழியாமல் படத்தில் தப்பிவிடுகிறது. சராசரி 3.49 நிமிடம், ஆனால் 3க்கும் 3.5க்கும் இடையில் விழுபவை 272இல் வெறும் 9. தரவு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஒரே எண்ணில் சொல்லும் எக்செலின் SKEW சார்பு இங்கே சுமார் −0.4 என்று காட்டும். அதை மட்டும் பார்ப்பவர் ‘லேசான இடச்சாய்வு’ (இடப்பக்கம் வால் நீண்டது) என்று எழுதி முடித்துவிடுவார்.

இனி 4.5 என்ற ஒரு மதிப்பில் புள்ளியை விட்டுவிட்டு 45 என்று அடித்துப் பாருங்கள். திட்டவிலக்கம் 2.76 ஆகிறது, பட்டை அகலம் ஏறக்குறைய 1.5க்குப் போகிறது. உண்மையான தரவு முழுவதும் முதல் மூன்று பட்டைகளில் அடைந்துகொள்ள, அவற்றில் நடுப்பட்டைதான் உயரம். இரண்டு முகடும் ஒன்றாகி, வலப்பக்கம் நீண்ட வாலோடு அப்பட்டமான வலச்சாய்வு போலத் தெரியும். கெட்டது ஒரே ஒரு எண்.

மாற்று வழி அதே கருவியில் இருக்கிறது. கிடை அச்சில் வலச்சொடுக்கு, ஃபார்மட் ஆக்சிஸ், ‘பின் விட்த்’ (Bin width, பட்டை அகலம்). குறிப்பிட்ட எண்ணுக்கு மேற்பட்டவற்றை ஒரே பட்டையில் சேர்க்கும் ‘ஓவர்ஃப்ளோ பின்’னில் 5.5 கொடுத்தால் அந்த 45 கடைசிப் பட்டையில் ஒதுங்கும். பிறகு 0.25, 0.5, 1 என்று அகலத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். எல்லாவற்றிலும் நிற்கும் முகடே முகடு, 0.25இல் மட்டும் தலைகாட்டும் பல் பல்லான மேடுகளைப் பொருட்படுத்த வேண்டாம். அகலம் 2 என்றால் இரண்டே பட்டைதான், வடிவம் என்று பேச எதுவும் மிஞ்சாது. முப்பது எண்களுக்கும் குறைவாக இருந்தால் ஹிஸ்டோகிராமை விட்டுவிட்டுப் புள்ளிகளையே வரைவது நல்லது.

பலர் தவறவிடுவது தொடக்கப்புள்ளி. எக்செல் முதல் பட்டையைச் சிறும மதிப்பிலிருந்தே, இங்கே 1.6இலிருந்து, தொடங்கும். 1.5இல் தொடங்க வேண்டுமென்றால் அதன் கீழ்ப்பக்க இணையான ‘அண்டர்ஃப்ளோ பின்’னில் 1.5 கொடுக்கவேண்டும், இடப்பக்கம் ஒரு வெற்றுப் பட்டை ஒட்டிக்கொள்ளும், அழகு கெடும். எல்லையில் நிற்கும் எண் எந்தப் பட்டைக்கு என்பதும் முக்கியம். எக்செல் அதை இடப்பக்கப் பட்டையில் சேர்க்கும், ஆர் மென்பொருளும் இயல்பாக அப்படியே. பைத்தான் நிரல்மொழியின் நம்பை (NumPy) என்ற கணக்குத் தொகுப்பு அதை வலப்பக்கம் தள்ளும். இதே தரவில் 1.5–2 பட்டை ஒரு வழக்கில் 55, இன்னொன்றில் 51. முழு எண்ணாக வட்டமிட்ட தரவில் இந்த வேறுபாடு இன்னும் பெரிதாகும்.

எக்செலின் இந்த ஹிஸ்டோகிராம் வசதிக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. இந்த வரைபடத்தின் மேல் மணி வளைவையோ சராசரிக் கோட்டையோ இன்னொரு வரைபட வகையாக ஏற்ற முடியாது. தரவைத் தொகுத்துச் சுருக்கும் பிவட் அட்டவணையிலிருந்து நேரடியாக வரையவும் முடியாது. அவை தேவைப்படுபவர் FREQUENCY சார்பில் எண்ணி, சாதாரணப் பட்டை வரைபடம் போட்டு, இடைவெளியைப் பூஜ்யமாக்கிக்கொள்ளலாம்.